பெரட்டுக் களத்திலிருந்து படை முகாமுக்கு

1941 டிசம்பர் கடைசி வாரம். ஈப்போவைக் கைவிட்டுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் 12ஆவது பிரிகேட், கோப்பெங்கிலும் அதற்குத் தெற்கே டிப்பாங்கிலும் ஜப்பானியரைத் தடுத்து நின்றது. அந்த அவகாசத்தில் கம்பாரில் அரண் அமைத்தார்கள். டிசம்பர் 30 தொடங்கி ஜனவரி 2 வரை அங்கே கடும்போர். பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியர்கள் துப்பாக்கிக் கத்தியோடு மேடேறிப் பாய்ந்து உயிர்விட்டார்கள். கிந்தா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் போரை முதலில் பார்த்தது அப்போதுதான். வெல்லவே முடியாதவர்கள் என்று நம்பியிருந்த வெள்ளைத் துரைமார் பெட்டி படுக்கையோடு ஓடியதையும் அப்போதுதான் பார்த்தார்கள்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. சரணடைந்த இந்தியச் சிப்பாய்களிலிருந்து கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தைத் திரட்டினார். சேர்ந்தவர் பலர், பழைய சத்தியத்தை மீற மறுத்துச் சிறைமுகாமில் வாடியவரும் பலர். 1944இல் இம்பால் போர்முனையில் இந்தியனுக்கு எதிரே இந்தியன் துப்பாக்கி பிடித்தான். உலகப் போரின் நடுவே இது சகோதரர்களுக்குள் நடந்த போரும்கூட. ஆனால் மோகன் சிங்கின் படை 1942 முடிவதற்குள்ளேயே கலைந்துபோனது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்திறங்கிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதை மீண்டும் எழுப்பியபோது, சிப்பாய்களை மட்டும் நம்பவில்லை. தோட்டத்து மக்களையும் அழைத்தார்.

விருப்பமா, வேறு வழியில்லையா?

அவர் அழைப்பில் யாரும் எதிர்பாராதது பெண்கள் படை. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் திறக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் ஏராளமானோர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு ஜப்பானியர் பிடித்துப்போனார்கள். லயங்களில் மிஞ்சியவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கே சோறு. உடுத்த மாற்றுத் துணி கிடையாது.

இதை வைத்துத்தான் சிலர், வயிற்றுக்காகவும் சயாமுக்குப் பயந்தும் சேர்ந்த கூட்டம் என்று இப்படையை ஒதுக்குகிறார்கள். வேறு சிலர், எல்லாரும் தேசபக்தியால் மட்டுமே சேர்ந்தார்கள் என்று காவியம் பாடுகிறார்கள். இரண்டும் அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். பசி இருந்தது, பயம் இருந்தது. அதுவரை அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கப்பலேற்றியது கங்காணி, வேலை ஏவியது கிராணி, முடிவெடுத்தது ஆண்பிள்ளைகள். முதன்முறையாக ஒருவர் மேடையேறி, நீ வருகிறாயா என்று கேட்டார். அவர் பேச்சு தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. வருகிறேன் என்று சொல்லக் கிடைத்த அந்த இடம்தான் அவர்களின் விருப்பம்.

முகாமில் கண்ட மாற்றம்

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடிவதற்கு முன்பே எழுந்து பழகியவர்களுக்கு விடியற்காலை அணிவகுப்பு சிரமமாக இருந்திருக்காது. புதிதாக இருந்தது மரியாதைதான். காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் அணிந்து, துப்பாக்கி சுடவும் இயந்திரத் துப்பாக்கியை இயக்கவும் கற்றார்கள். சாதி, மதம் பாராமல் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே பந்தியில் உண்டார்கள்.

அதிகாரிகளானவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த பட்டணத்துப் பெண்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். ஈப்போவில் பிறந்த ராசம்மா பதினாறு வயதில் தன் சகோதரி பொன்னம்மாவோடு சேர்ந்தார். வரிசையில் நின்றவர்களோ பெரும்பாலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். படையில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே ஆய்வாளர்கள் உடன்படுவதில்லை. ஐந்நூறுக்கும் குறைவு என்பவரும் உண்டு, ஆயிரத்துக்கும் மேல் என்பவரும் உண்டு.

1944இல் ஒரு பகுதியினர் பர்மா சென்றனர். இம்பால் தாக்குதல் தோற்றதால் அவர்களுக்குப் போர்முனை வாய்க்கவில்லை. மேமியோவில் காயம்பட்டு வந்தவர்களுக்கு மருத்துவப் பணி செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவிலே நடந்தார்கள். நேதாஜியும் அவர்களோடு நடந்தார். தாய்லாந்து நோக்கித் திரும்பிய ரயிலைப் பர்மியக் கெரில்லாக்கள் தாக்கியதில் ஜோசபின், ஸ்டெல்லா என்ற இருவர் உயிரிழந்தனர்.

போர் முடிந்த பிறகு

டில்லியை எட்டாத படை தோற்ற படைதான். ஆனால் ஊர் திரும்பியவர்கள் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தபோது முதல் தலைவரான ஜான் திவி, நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். கெடா தோட்டங்களில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை, ராணுவப் பயிற்சி பெற்றவர்களின் ஒழுங்கோடு கள்ளுக்கடையை எதிர்த்தது. கூலி உயர்வு கேட்டது. ஜானகி செனட்டரானார். ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடினார். இந்நாட்டில் பெண்கள் பெற்ற அந்த உரிமைக்கும் ஜான்சி ராணி முகாமுக்கும் நேர்வழி இருக்கிறது.

அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. தோட்டத்துப் பெண்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்துக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறின. பாட்டி சொன்ன கதையைக் கேட்ட பேரப்பிள்ளைகளுக்கே இப்போது வயதாகிறது.

கோப்பெங், பத்து காஜா, கம்பார் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் அந்தப் பெயர்களைத் தேடித் திரட்டும் பணியைக் கையில் எடுக்க வேண்டும். வீட்டில் பழைய படமோ, கடிதமோ, சொல்லக் கேட்ட பெயரோ இருந்தால் பதிவு செய்யுங்கள். கூலிகளாக வந்தோம் என்று நம் வரலாற்றைத் தொடங்கும் நாம், அழைத்தபோது தாமே முடிவெடுத்து எழுந்த பெண்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.