அறத்தொடு நிலையும் செரோவே மன்றமும்

அகப்பொருள் இலக்கணத்துள் அறத்தொடு நிலை என்பது, மறைந்தொழுகிய காதல் குடும்பத்தாரின் அறிவுக்கு எட்டும் துறையாகும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உணர்த்துவர். தந்தையும் தன்னையருமோ குறிப்பினாலேயே உணர்வர் என்பது தொல்காப்பியக் களவியலாற் பெறப்படும். ஒரு செய்தி இங்ஙனம் படிப்படியாகச் செல்லவேண்டியது ஏன்? நாணம் காரணம் என்பர். அது மட்டுமன்று, குடும்பம் என்பது ஒரே நாளில் ஒரே மனமாக எதனையும் ஏற்பதில்லை என்னும் உண்மையை நம் இலக்கண நூலார் கண்டிருந்தனர் என்பதே எம் கருத்து. குறிஞ்சிக்கலியிற் கபிலர் காட்டும் தன்னையர் ஒரு பகல் முழுதும் சினந்து, பின்னர்த் தாமே தணிந்து, உடன்படுகின்றனர்.

அவர்க்கு ஒரு பகல் போதியதாயிற்று. இனமும் நிறமும் நாடும் வேறாகியவிடத்து எத்துணைக் காலம் வேண்டும்? இவ்வினாவிற்கு விடைகாண, அண்மை வரலாற்றில் நன்கு பதிவாகிய ஒரு மணத்தை ஈண்டு ஆராய்வாம். தென்னாப்பிரிக்காவின் வடக்கே, இன்று போட்ஸ்வானா எனப்படும் நாடு, அந்நாளில் பெச்சுவானாலாந்து என்னும் பெயரால் ஆங்கிலேயர் காப்பில் இருந்தது. அந்நாட்டுப் பாங்வாத்தோ குடியின் தலைமைக்கு உரியவராய் 1921-இல் பிறந்தவர் செரெட்சே காமா. இளமையிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்தவரும், அவர்பொருட்டு 1926 முதல் ஆட்சியை நடத்தியவரும் அவருடைய சிறிய தந்தையாராகிய செகேடி காமா ஆவர். சட்டம் பயில இலண்டன் சென்ற செரெட்சே, 1947-இல் ரூத் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணைக் கண்டார். மறு ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், திருக்கோயில் மணம் தடைப்பட்ட பின்னர், பதிவு அலுவலகத்தில் மணந்தார். பெண்ணின் தந்தையும் உடன்படவில்லை. பிள்ளையின் சிறிய தந்தையும் உடன்படவில்லை. கொடுத்தற்குரிய சுற்றத்தார் உடனில்லாதவழியும் கரணம் நிகழ்தல் உண்டு என்று கற்பியல் கூறுவதற்கு இதனினும் தெளிவான இக்கால எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

செகேடியின் மறுப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் வெள்ளையர்க்கு அஞ்சியவரல்லர்; 1933-இல் ஒரு வெள்ளையனைத் தம் மன்றத்திற் குற்றம் விசாரித்துத் தண்டித்தமைக்காகத் தம் பதவியினின்றும் சில நாள் விலக்கப்பட்டவர். அவர் எழுப்பிய வினா, குடித்தலைவனுடைய மனைவி குடிக்கெல்லாம் தாயாவாள் ஆதலின், குடியைக் கேளாது ஒருவன் அவளைத் தெரிந்துகோடல் தகுமோ என்பது. மெய்ப்பாட்டியல் கூறும் ஒப்புப் பத்தனுள் பிறப்பும் குடிமையும் முன்னிற்பதை நாம் அறிவோம். செகேடியின் வாதம் பெரிதும் அவ்விரண்டையும் பற்றியதே. வியப்பு யாதெனின், அக்குடும்பத்தில் மணம்பற்றிய பூசல் இதுவே முதன்முறையன்று. செகேடியின் தந்தையாராகிய மூன்றாம் காமா, கிறித்துவராகிய பின்னர்த் தம் தந்தை பேசிவைத்த பெண்ணை ஏலாது மறுத்து, அதனால் தந்தையொடு பெரும்பகை கொண்டவர். மணத்தில் தந்தையை மீறிய ஒருவரின் மகனே, பின்னாளில் மீறலைக் கண்டிக்கும் மூத்தோராய் நின்றார். தலைமுறைகளுக்கிடையே இது புதுமையன்று போலும்.

மணத்தை ஆராயச் செரோவே என்னும் ஊரில், ஆடவர் கூடும் மன்றம் மும்முறை கூடிற்று. 1948 நவம்பரிற் பேசியோருட் பெரும்பாலோர் மணத்தை மறுத்தனர். டிசம்பரிற் கருத்துப் பிளவுபட்டது. 1949 ஜூனில் மணத்தை ஏற்போர் எழுக எனச் செரெட்சே வேண்டியபோது ஆயிரக்கணக்கானோர் எழுந்தனர். மறுத்து எழுந்தோர் மிகச் சிலரே. ஏழு திங்களில் நிகழ்ந்த இம்மாற்றம் காதலின் வெற்றி என்று கூறுவார் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. செகேடி தலைமையைத் தாமே கைக்கொள்ள விழைகின்றார் என்னும் ஐயம் மக்களிடை வேரூன்றியது. உரியவனை இழத்தலினும் அவன் கொணர்ந்த மனைவியை ஏற்றல் நன்று என அவர்கள் துணிந்தனர். ஏற்புக்கு எப்பொழுதும் தூய காரணமே இருத்தல் வேண்டும் என்பதில்லை. அறத்தொடு நிற்கும் தோழியும் செவிலிக்கு முழு உண்மையை முதற்கண் உரைப்பதில்லை. தலைவியின் நிலையையும் தலைவனின் உயர்வையும் பலபடக் கூறி வழிசெய்துகொண்டு, உண்மையைப் பின்னரே வைக்கின்றாள். காரணம் எதுவாயினும், 1949 ஆகஸ்டில் ரூத் அந்நாட்டிற்கு வந்தபோது அவருக்கு அங்கு இடம் இருந்தது. செகேடியோ தம்மைச் சார்ந்தோருடன் அண்டைக் குடியின் நிலத்திற்குப் பெயர்ந்தார்.

குடி ஏற்ற மணத்தை அரசுகள் ஏற்கவில்லை. நிறம் வேறாகியோர் மணப்பதைத் தடுக்கும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1949-இல் இயற்றியது. எல்லைக்கு அப்பால் அத்தகைய மணமுடையான் ஒருவன் தலைவனாய் வீற்றிருத்தலை அது பொறுக்கவில்லை. ஆங்கில அரசு அமைத்த ஆராய்வுக் குழு, செரெட்சே ஏனைய வகையால் தகுதியுடையவரே, தடையாவது இம்மணமே என்று கண்டது. அவ்வறிக்கை அப்பொழுது வெளியிடப்படவில்லை. 1950-இல் அவர் நாடு கடத்தப்பட்டார். 1952-இல் அத்தடை நிலையானது என அறிவிக்கப்பட்டது. பாங்வாத்தோ மக்களோ வேறொரு தலைவரைத் தெரிந்துகொள்ள மறுத்துவிட்டனர்.

ஈண்டு இருவகை மறுப்புக்களை வேறுபிரித்தல் இன்றியமையாதது. செகேடியின் மறுப்பு ஒரு முறைமையைப் பற்றியது. கேட்டல், இசைதல், ஏற்றல் ஆகியவற்றால் நிறைவு செய்யத்தக்கது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் மறுப்பு நிறத்தைப் பற்றியது. மணந்தார் எத்துணை நல்லவராயினும், எத்துணை ஆண்டு கழியினும், அதனை நிறைவு செய்ய வழியே இல்லை. அச்சட்டம் 1985-இல் நீக்கப்படும்வரை தணியாமலே கிடந்தது. சிறிய தந்தையின் சினமோ அதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே தணியத் தொடங்கிற்று. இவ்வேறுபாட்டைக் கருதாது இரண்டையும் இனவெறுப்பு என ஒரு பெயரால் அடக்குவோர், பின் நிகழ்ந்ததை விளக்கமாட்டார்.

பின் நிகழ்ந்தது இது. நாடு கடத்தப்பட்ட மகனும் ஊர் நீங்கிய சிறிய தந்தையும் மெல்ல நெருங்கினர். 1956-இல் இருவரும் குடித்தலைமைக்குரிய உரிமையைத் துறக்க இசைந்தனர். செரெட்சேயும் ரூத்தும் திரும்பினர். 1966-இல் நாடு விடுதலை பெற்றபொழுது செரெட்சே அதன் முதற் குடியரசுத் தலைவரானார். அவ்விருவரின் மகன் இயன் காமா 1979-இல் பாங்வாத்தோ குடித்தலைவராக அமர்த்தப்பட்டார். 2008 முதல் 2018 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். வெள்ளைப் பெண்ணின் வயிற்றிற் பிறப்பவன் தலைவனாகலாமோ என்று 1948-இல் எழுந்த அச்சத்திற்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் சென்றன. கணவர் 1980-இல் இறந்த பின்னரும் ரூத் அந்நாட்டிலேயே வாழ்ந்து, 2002-இல் மறைந்தார்.

எனினும் ஏற்பு நிறைவுற்ற காலத்தைக் காட்டுக என எம்மை வினவின், மன்றம் எழுந்த 1949-ஐயோ பதவியேற்ற 1979-ஐயோ காட்டமாட்டோம், 1958-ஐயே காட்டுவோம். அவ்வாண்டு ரூத் இரட்டை ஆண்மக்களை ஈன்றார். தமிழில் மகனின் மகனைப் பெயரன் என்கின்றோம். பாட்டனின் பெயரைத் தாங்குதலான் அப்பெயர் வந்தது. தந்தையின் தம்பியும் தந்தை முறையினரே ஆதலின், நம் முறைப்படி செகேடிக்கும் அம்மக்கள் பெயரரே. அவருள் ஒரு குழவிக்குப் பெற்றோர் இட்ட பெயர் செகேடி. மணத்தை எதிர்த்து ஊர்விட்டுப் போன முதியவர் அப்பொழுது உயிருடன் இருந்தார். மறு ஆண்டே மறைந்தார்.