வீட்டு வரி கட்டிய வீடுகள்

மாதம் பிறந்தால் வீட்டுக்காரருக்கு அஞ்சாத குடித்தனக்காரர் நம்மில் சிலரே. வியன்னா நகரத் தொழிலாளிகளும் ஒரு காலத்தில் அவ்வாறே அஞ்சி வாழ்ந்தனர்.

1922-ல் அந்நகரம் ஆஸ்திரியாவின் தனி மாகாணமாகி, வரி விதிக்கும் அதிகாரம் பெற்றது. மறு வருஷமே வீட்டு வரி பிறந்தது. சிறு வீட்டுக்குச் சொற்பமும் மாளிகைக்கு மிகுதியுமாக அதை வசூலித்த நகரசபை, 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1930-ல் திறக்கப்பெற்ற கார்ல் மார்க்ஸ் ஹோப் என்னும் ஒரே கட்டிடத்தில் 1,382 வீடுகள். சலவைச்சாலை, குழந்தைப் பள்ளி, புத்தகசாலை யாவும் உள்ளேயே!

கட்டிய முதலை வாடகையில் ஏற்றாமல் பராமரிப்புச் செலவை மட்டுமே வாங்கியதால், தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கே அதற்குப் போயிற்று. இன்றும் அந்நகரசபைக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன.

வரி கொடுப்பதில் நாமும் சளைத்தவர்களல்லோம். நம் நகரசபையார் இந்தக் கணக்கை ஒரு முறை பார்க்கலாகாதா?