காய்ச்சலும் இருதயத்தின் முரலொலியும்

காய்ச்சலுற்ற மாணவன் வைத்தியரிடஞ் சென்று மீளுங்கால், "இருதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறதாம்" என்னும் சொல்லும் சிலவேளை உடன்வரும். அதனைக் கேட்ட பெற்றோருட் சிலர் பிள்ளையை ஓட்டத்தினின்றும் பந்தாட்டத்தினின்றும் பல்லாண்டு விலக்கிவைப்பர். வேறு சிலர், காய்ச்சல் விட்டதும் அச்சொல்லையும் மறந்துவிடுவர். முன்னதால் நோயில்லாதான் நோயாளியாகின்றான்; பின்னதால் நோயுள்ளான் காப்பின்றி விடப்படுகின்றான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேர்வழி யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

யாம் மருத்துவம் பயின்றவரல்லேம், தமிழ் கற்பிப்போம். எனினும், மருத்துவ உண்மைகளைத் தமிழில் எடுத்துரைத்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அவ்வழியைப் பின்பற்றியே இதனை எழுதத் துணிந்தோம்.

1816 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர் லெனெக், தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அக்குழலிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டெதஸ்கோப். அதனூடு கேட்பின் இருதயம் 'லப், டப்' என ஈரொலி எழுப்பும். இருதயத்தின் கீழறைகள் சுருங்கத் தொடங்குகையில், மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடுவதால் எழுவது முதலொலி. சுருக்கம் முடிந்தபின், குருதி வெளிச்செல்லும் பெருங்குழாய்களின் வாயிலிலுள்ள வால்வுகள் மூடுவதால் எழுவது இரண்டாமொலி. இவற்றிடையே அமைதி நிலவுதல் இயல்பு. அவ்வமைதியிற் கேட்கும் தொடரொலியையே ஈண்டு முரலொலி என்கின்றோம். வண்டின் ஒலியை முரல்தல் என்பது தமிழ் வழக்கு. அப்பெயர் இதற்கும் பொருந்தும்.

இனி, காய்ச்சல் இவ்வொலிகளை எங்ஙனம் மாற்றுகின்றது என்று நோக்குவோம். உடல்வெப்பம் பரனைற் அளவில் 1 பாகை உயரும்போது, நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 துடிப்பு மிகும். 98.6 பாகையில் 70 முறை துடிக்கும் இருதயம் 102.6 பாகையில் ஏறக்குறைய 110 முறை துடிக்கும். துடிப்பு விரையுங்கால் இருதயம் ஓய்ந்திருக்கும் நேரமே பெரிதுங் குறைகின்றது. ஆதலின் வால்வின் இதழ்கள் நன்கு விரிந்திருக்கும்போதே அடுத்த சுருக்கம் வந்து அவற்றை அறைந்து மூடுகின்றது. மெல்லச் சாத்திய கதவினும் காற்றடித்து மூடிய கதவு உரத்தொலிப்பது போல, முதலொலி காய்ச்சலில் உரத்துக் கேட்கும்.

முரலொலிக்குங் காரணம் எளிதே. நம் தோட்டத்து வாய்க்காலில் நீர் மெல்லச் செல்லும்போது ஓசையில்லை. அதே வாய்க்காலில் மிகுநீர் விரைந்து பாயின் சலசலப்பு எழும். வாய்க்கால் உடைந்தமையால் எழுந்த ஓசையன்று அது. அவ்வாறே, காய்ச்சலில் மிகுதியான குருதி விரைந்து வெளிப்படுகையில், குற்றமற்ற வால்வினிடத்தும் மெல்லிய முரலொலி எழலாம். அது முதலொலிக்கும் இரண்டாமொலிக்கும் இடையே, பெரும்பாலும் மார்பெலும்பின் இடப்பக்க ஓரத்திற் கேட்கும். காய்ச்சல் தணியத் தானுந் தணியும். சிறுவரிடத்து இது பெருவழக்கு. குருதிச்சோகையும் இத்தகைய ஒலியை எழுப்பும்.

ஆயின், எல்லா முரலொலியும் இத்தகையதன்று. இரண்டாமொலிக்குப் பின், இருதயம் ஓய்ந்திருக்கும் வேளையிற் கேட்கும் முரலொலியைக் காய்ச்சலின்மேற் சாட்டிவிடலாகாது. அதன் காரணத்தை ஆராய்ந்தே தீரல் வேண்டும். இருதய நுனியில் ஊதுவதுபோற் கேட்டு, இடக் கக்கம்வரை பரவும் ஒலியும் அவ்வாறே.

மாணவரைப் பொறுத்தவரை நாம் சிறப்பாக அஞ்சவேண்டியது வாதக்காய்ச்சல். இது 5 முதல் 15 வயதுவரை உள்ளோரையே பெரிதும் பற்றும். ஒருவகைக் கிருமியால் தொண்டைநோவு கண்டு, இரண்டு மூன்று வாரங்கழித்துக் காய்ச்சல் வரும். முழங்கால், கணுக்கால், முழங்கை என மூட்டுக்கு மூட்டு நோவு மாறும். மூட்டுநோவு நீங்கிவிடும், இருதய வால்வில் உண்டாகிய வடுவோ நிலைத்துவிடக்கூடும். இந்நோயில் நாடி காய்ச்சலின் அளவை மீறி விரைதலும், உறக்கத்திலும் விரைவு குறையாமையும் இருதயம் தாக்குண்டமைக்கு அறிகுறியாம். முதலொலி உரத்தற்கு மாறாக மழுங்குதலும் உண்டு. நெருப்புக்காய்ச்சலில் நாடி வெப்பத்தின் அளவுக்கு ஏறாதிருப்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

வால்வு முன்னரே பழுதுற்றோருக்கு மற்றோர் இடருண்டு. குருதியிற் கலந்த கிருமிகள் அவ்வால்விற் குடியேறின், காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும். புதிய முரலொலி தோன்றும், அல்லது பழையது மாறும். இத்தகையோர் நீடித்த காய்ச்சலுக்குத் தாமே மருந்து வாங்கி உண்ணலாகாது. குருதியைச் சோதித்துக் கிருமியை அறியுமுன் மருந்துண்பின், கிருமி அகப்படாது மறைந்துவிடக்கூடும். பல்லையும் ஈறையும் தூய்மையாகப் பேணுதலும் இவர்க்கு இன்றியமையாதது.

ஆகவே, பெற்றோரும் ஆசிரியருங் கைக்கொள்ளத்தக்கவை மூன்று. காய்ச்சலிற் கேட்ட முரலொலியை, காய்ச்சல் முற்றத் தணிந்தபின் வைத்தியரைக்கொண்டு மறுமுறையுங் கேட்பித்தல் வேண்டும். அப்போது ஒலி மறைந்து வைத்தியரும் குற்றமில்லை என்பாராயின், பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்புதற்கு அஞ்சவேண்டா. கிருமியால் வந்த தொண்டைநோவு என வைத்தியர் கண்டு பெனிசிலின் மாத்திரை கொடுப்பின், நோவு மூன்றாம் நாளே நீங்கினும் குறித்த 10 நாளும் உட்கொள்ளுதல் வேண்டும். வாதக்காய்ச்சல் ஒருமுறை வந்தோர்க்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை இடப்படும் பெனிசிலின் ஊசியை, வைத்தியர் குறித்த ஆண்டுகள்வரை ஒன்றுந் தவறாது இடுவித்தல் வேண்டும்.

பாடசாலைக்கு வராத நாளை இடாப்பிற் குறிக்கும் ஆசிரியர், அம்மாணவன் மீண்டுவந்த நாளில், "தொண்டை நொந்ததா? மூட்டு நொந்ததா? வைத்தியர் மறுபடியும் வரச் சொன்னாரா?" என்று கேட்பாராக. அக்கேள்விகளால் ஒரு மாணவனின் இருதயம் காக்கப்படுதலுங் கூடும்.