லிங்கர் பெயரை மட்டுமே பார்க்கும்

செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் வாகன ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. கார் பிரேக்கையும் ஏர்பேக்கையும் ஆளும் சின்னக் கணினிகளுக்கு உலகெங்கும் இன்றும் பெரும்பாலும் சி மொழியில்தான் நிரல் எழுதுகிறார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சி வெறும் தேர்வுப் பாடமல்ல, பிழைப்பு. ஆனால் முதலாண்டு லேப் ரெக்கார்டில் ஏறும் நிரல் எல்லாம் ஒரே கோப்பில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. வேலையில் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள்.

அங்கே என்ன ஆகும்? வெப்பநிலையைத் தரும் ஒரு ஃபங்ஷன், தன் சோர்ஸ் கோப்பில் டபுள் மதிப்பைத் திருப்புகிறது. அதை அறிவிக்கும் ஹெடர் கோப்போ இன்ட் என்கிறது. ஹெடரை நம்பி வேறொரு கோப்பு அதை அழைக்கிறது. கம்பைலர் ஒவ்வொரு சோர்ஸையும் தனித்தனியாகத்தான் படிக்கும். இரண்டிலும் குறை காணாது. கடைசியில் இணைக்கும் லிங்கர், சி மொழியைப் பொறுத்தவரை, பெயர் பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கும், வகையைப் பார்க்காது. நிரல் ஓடும். 36.5 வரவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஓர் எண் வந்து நிற்கும்.

இதற்கு மருந்து ஒரே வரி. ஒவ்வொரு சோர்ஸ் கோப்பும் தன் சொந்த ஹெடரை முதல் வரியிலேயே இன்க்ளூட் செய்யட்டும். முரண்பாடு அந்த நிமிடமே பிடிபடும். அந்த ஹெடர் வேறெதையும் நம்பாமல் தனித்து நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வாகனத் துறைக்காக 1998-ல் பிரிட்டனில் உருவான மிஸ்ரா சி விதிகளின் 2004 பதிப்பு, 8.1-ஆம் விதியில் இதையே கேட்கிறது: அழைக்கும் இடத்திலும் வரையறுக்கும் இடத்திலும் அறிவிப்பு தெரிய வேண்டும்.

ஹெடருக்குள் குளோபல் வேரியபிளை வரையறுப்பது இன்னொரு கேடு. இன்க்ளூட் கார்டு போட்டிருக்கிறோமே என்பார்கள். ஒரே சோர்ஸுக்குள் ஹெடர் இரண்டு முறை நுழைவதைத்தான் கார்டு தடுக்கும். இரண்டு சோர்ஸ்களில் நுழைவதைத் தடுக்காது; ஒரே வேரியபிளுக்கு இரண்டு வரையறை ஆகிவிடும். ஹெடரில் எக்ஸ்டர்ன் அறிவிப்பு, ஏதாவது ஒரே ஒரு சோர்ஸில் வரையறை: இதுதான் முறை. தொடக்க மதிப்பு தராமல் இப்படி இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்ட வேரியபிள்களைப் பழைய ஜிசிசி சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020-ல் வந்த 10-ஆம் பதிப்பு பிழை என்று நிறுத்திவிடுகிறது.

பேராசிரியர்களே, முதலாண்டு லேபில் ஒரு பயிற்சியையாவது இரண்டு சோர்ஸ், ஒரு ஹெடர் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.