கிர்கூக்கின் பற்று வரவு

ஒரு குடும்பத்தைப் பெயர்த்துக் குடிவைக்க என்ன விலை? இராக்கின் எண்ணெய் நகரமான கிர்கூக்கில் அதற்கு இரண்டு ரேட் இருந்தது.

தெற்கிலிருந்து வந்து குடியேறிய அரபுக் குடும்பத்துக்கு சதாம் உசேனின் பாத் கட்சி ஆட்சி 1980களில் 10,000 தினாரும் ஒரு மனையும் கொடுத்தது. ஊரார் அவர்களைப் ‘பத்தாயிரம் தினார் அரபுகள்’ என்றார்கள். சதாம் விழுந்த பிறகு கணக்கு திரும்பியது. ரேஷன் அட்டையைப் பழைய ஊருக்கே மாற்றிக்கொண்டு கிளம்பும் அரபுக் குடும்பத்துக்கு 2 கோடி தினாரும் மனையும். துரத்தப்பட்டுத் திரும்பிய குர்துக் குடும்பத்துக்கு 1 கோடி. 1980களின் அரசு மாற்று விகிதத்தில் ஒரு தினார் 3 டாலருக்கு மேல். ஆக, அந்தப் பத்தாயிரம் 30,000 டாலரைத் தாண்டும். பிந்தைய 2 கோடியோ சுமார் 16,000 டாலர்தான். வரச் சொன்ன பணத்தில் பாதிதான் போகச் சொன்ன பணம்!

இத்தனையும் எதற்காக? மக்கள்தொகையில் இனங்களின் பங்கை மாற்றத்தான். 1957 கணக்கெடுப்பில் கிர்கூக் மாகாணத்தில் குர்துகள் 48 சதவீதம், அரபுகள் 28, துருக்மேன்கள் 21. 1977இல் அரபுகள் 44, குர்துகள் 37, துருக்மேன்கள் 16. அதோடும் நிற்கவில்லை. 2001இல் 199ஆம் எண் ஆணை, 18 வயதானவர் தம் இனத்தை ‘அரபு’ என மாற்றி எழுதிக்கொள்ள வழிவிட்டது. மறுத்த பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

இதையெல்லாம் நேர்செய்யத்தான் சதாமுக்குப் பிந்தைய அரசியல் சாசனத்தின் 140ஆம் பிரிவு. கெடு 31.12.2007. அது எப்போதோ கடந்துவிட்டது.

காசு சாதிக்காததை நாற்காலிகள் ஓரளவு சாதித்தன என்பேன். 2023 டிசம்பர் மாகாணத் தேர்தலில் 16 இடங்கள்: குர்துகள் 7, அரபுகள் 6, துருக்மேன்கள் 2, கிறிஸ்தவர் 1. பெரும்பான்மைக்கு 9 வேண்டும். எந்தச் சமூகத்திடமும் தனியாக இல்லை. ஏழு மாதத்துக்கு மேல் இழுபறி. 2024 ஆகஸ்ட் 10 அன்று பாக்தாத் ஹோட்டல் ஒன்றில் சரியாக 9 பேர் கூடினார்கள்: 5 குர்துகள், 3 அரபுகள், 1 கிறிஸ்தவர். அன்று ஆளுநர் பதவி குர்துக்கும், மாகாண மன்றத் தலைமை அரபுக்கும் போயின. துருக்மேன்கள் வரவில்லை, குர்துகளிலேயே இருவர் வரவில்லை. ஒப்பந்தம் பாதிதான். ஆனாலும் அரபு வாக்கில்லாமல் குர்து ஆளுநர் வந்திருக்க முடியாது என்பது அங்கே பெரிய சேதி.

2024 நவம்பர் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படவில்லை. நழுவல் என்றார்கள் சிலர்; எனக்கு அது நல்லதாகவே படுகிறது. 2025 ஜனவரியில், பாத் ஆட்சி பறித்த விளைநிலங்களைக் குர்து, துருக்மேன் உரிமையாளருக்குத் திருப்பித்தரும் சட்டம் நிறைவேறியது. அதே மண்ணில் அரசு ஒப்பந்தத்தோடு உழுதுவரும் அரபு விவசாயிக்கு ஈடு என்ன என்பதில்தான் இனிப் பேரம்.