மும்பை மழையும் சம்பங்கிக் கிழங்கும்

சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "சார், போன வருஷம் சம்பங்கிக் கிழங்கு வாங்கித் தொட்டியில் வைத்தேன். மழை முடிந்து கிளறிப் பார்த்தால் எல்லாம் கூழாகிக் கிடந்தது. மும்பைக்கு அது ஒத்துவராதோ?"

தாராளமாக ஒத்துவரும். செம்பூரில் முப்பது வருடங்களுக்கு மேலாக வளர்த்து வருகிறேன். அவர் கண்ட நஷ்டத்தை நானும் கண்டவன்தான். அதுவும், ரயில் பாதையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதற்கே சம்பளம் வாங்கியவன்!

நாம் சம்பங்கி, நிலச்சம்பங்கி என்பதை மராட்டியர் நிஷிகந்தா என்பார்கள், இந்திக்காரர்கள் ரஜனிகந்தா என்பார்கள். செண்பக மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பூர்வீகம் மெக்ஸிகோ. ரயில் பாதையோரம் முள்ளோடு நிற்குமே ஆனைக்கற்றாழை, அதுதான் இதன் நெருங்கிய பங்காளி. குளிர் நாட்டுப் புத்தகங்களில், உறைபனிக்கு முன் கிழங்கைத் தோண்டி வீட்டுக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். நமக்கு உறைபனி ஏது? நமக்கு எமன் ஜூலை மாதம். வருடத்துக்குச் சுமார் 2,200 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டிவிடுகிறது.

1988-ல் என் தாயார் சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து மஞ்சள் பையில் பன்னிரண்டு கிழங்குகள் கொண்டுவந்தார். நான் படித்த படிப்பைக் காட்ட வேண்டாமா? தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடுவது போல் தொட்டியின் அடியில் நான்கு அங்குலம் ஜல்லி பரப்பி, மேலே மண் போட்டேன். ஆகஸ்டுக்குள் ஏழு கிழங்குகள் அழுகின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மீதி ஐந்தையும் எடுத்து வேறு தொட்டியில் தாமே நட்டுவிட்டார்.

காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான். அதன் அடிப்பகுதி முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும். அடியில் ஜல்லி போட்டால் அந்த ஊறிய பகுதி ஜல்லிக்கு மேலே, கிழங்குக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மண்ணின் உயரமும் குறைந்துவிடும். ஆகவே ஜல்லியை அடியில் பரப்பாமல் மண் முழுக்கக் கலக்க வேண்டும். தொட்டியும் ஆழமாக இருக்க வேண்டும்.

தாராவி கும்பார்வாடாவில் பன்னிரண்டு அங்குல மண்தொட்டி பார்த்து வாங்குங்கள். துளை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். நர்சரியில் 'லால் மிட்டி' என்று கேட்டால் செம்மண் தருவார்கள். அது இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு. தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழைக்காலத்தில் அடித்தட்டு கூடவே கூடாது.

நடுவதற்கு நான் கண்ட நல்ல காலம் மார்ச் முதல் வாரம். நெல்லிக்காய் அளவுக்குக் குறையாத கிழங்கு, தொட்டிக்கு ஐந்து, இரண்டு அங்குல ஆழம். ஆறு மணி நேர வெயில் வேண்டும். வெயில் இல்லாத பால்கனியில் இலைதான் வரும், பூ வராது. நட்டு ஏறக்குறைய மூன்று மாதத்தில், அதாவது மழை தொடங்கும் சமயத்தில், பூத்தண்டு வந்துவிடும். அதற்குள் செடி வேரும் இலையுமாகத் தண்ணீர் குடிக்கத் தயாராக இருக்கும். இலை விடாத கிழங்கு ஈர மண்ணில் கிடந்தால்தான் அழுகல். ஜூலை, ஆகஸ்டில் தொட்டியைச் சன்னல் சஜ்ஜாவுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

மாலை கட்ட ஒற்றை இதழ் ரகம். மணமும் அதில்தான் அதிகம். ஜாடியில் வைக்க அடுக்கு ரகம். பெங்களூர் ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையத்தின் 'பிரஜ்வல்' ஒற்றை ரகம், 'சுவாசினி' அடுக்கு. பொழுது சாய்ந்த பிறகு மணம் கூடுவது இரவில் பறக்கும் விட்டில் பூச்சிகளை அழைப்பதற்காக. நமக்கு அது இலவசம்.

ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றி முளைத்த பக்கக் கிழங்குகள்தான் அடுத்தடுத்துப் பூக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஜனவரியில் தண்ணீரை நிறுத்தி, தோண்டி, நிழலில் ஒரு மாதம் உலர்த்திப் பிரித்து நடுங்கள். பொடிக் கிழங்குகள் முதல் வருடம் பூக்காது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிரிக்கும்போதெல்லாம் நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் வழக்கம். 2001-ல் அவர் காலமானார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது நான் லைனில் இருந்தேன். மூன்றாம் நாள் வீடு திரும்பினால் தரைத்தளத்து முற்றத்தில் ஒரு தொட்டிகூட மிஞ்சவில்லை. அம்மாவின் கிழங்கு அத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் குடியிருந்த நண்பருக்கு அம்மா எப்போதோ கொடுத்திருந்தார். அடுத்த மார்ச்சில் அவர் ஒன்பது கிழங்குகளைத் தினத்தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். இன்று என் வீட்டில் இருப்பவை அவற்றின் வம்சம்தான்.

இந்த ஜனவரியில் தோண்டியாயிற்று. அந்தச் சகோதரிக்கு ஆறு கிழங்குகள் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் மார்ச் பிறப்பதற்குள் சங்கத்தில் சொல்லிவையுங்கள்.