கண்ணுக்குள் ஓர் எலும்புக் கட்டி

“கண்ணுக்குள் எலும்பு வளருமா, டாக்டர்?” ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கும்போது எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். மிக அரிதாக வளரும். விழித்திரைக்குப் பின்புறம், இரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு என்னும் படலம் உள்ளது. அதில் உண்மையான எலும்புத் திசு உருவாவதையே ‘கோராய்டல் ஆஸ்டியோமா’ என்கிறோம். அமெரிக்கக் கண் மருத்துவர் டொனால்ட் காஸும் அவருடைய குழுவினரும் 1978ஆம் ஆண்டு இதனைத் தனி நோயாக விவரித்தனர். அதற்கு முன்னர், புற்றுநோய் என ஐயுற்றுக் கண்ணையே அகற்றிய நிகழ்வுகளும் உண்டு.

இது புற்றுநோயா?

அன்று. இக்கட்டி உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதில்லை. உயிருக்கு ஆபத்தும் இல்லை. இளம்பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டுமே தோன்றும்; சிலருக்கு இரு கண்களிலும் வரலாம்.

சுண்ணாம்புச் சத்து மிகுந்ததால் வந்ததா?

இல்லை. இந்நோயாளிகளின் இரத்தத்தில் கால்சியம் அளவு பொதுவாக இயல்பாகவே இருக்கும். ஆகவே பாலையும் கேழ்வரகையும் நிறுத்த வேண்டியதில்லை.

எவ்வாறு கண்டறிகிறோம்?

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டுப் பார்க்கையில், பார்வை நரம்பின் அருகே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திட்டு தென்படும். அது எலும்பே என்பதை அல்ட்ராசவுண்டு அல்லது சி.டி. ஸ்கேன் உறுதிசெய்யும்.

பார்வை என்னவாகும்?

கட்டி மெதுவாகவே வளரும். ஆனால் அதன்மேல் புதிய, வலுவற்ற இரத்தக் குழாய்கள் முளைத்து, நீரோ இரத்தமோ கசிந்தால் பார்வை விரைவாகக் குறையக்கூடும். அக்கசிவைக் கட்டுப்படுத்தக் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துகிறோம், பலமுறை தேவைப்படலாம். இம்மருந்து கசிவுக்கானதே, கட்டியைக் கரைப்பதற்கு அன்று. கசிவு இல்லாதவர்களுக்குக் குறித்த காலத்தில் பரிசோதனை செய்துகொள்வதே போதும். கட்டியிலுள்ள கால்சியம் கரைந்து, மேலுள்ள விழித்திரை மெலிந்தாலும் பார்வை குறையும். அவ்விழப்பை மீட்பது கடினம்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியின் கட்டங்களைப் பாருங்கள்; பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் அதனை அணிந்தே பார்க்கவும். கோடுகள் புதிதாக வளைந்தோ நெளிந்தோ தெரிந்தாலும், நடுவில் கருந்திட்டு மறைத்தாலும், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம், இக்கசிவு வலிப்பதில்லை. இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் குறையை மறைத்துவிடும் என்பதைக் குடும்பத்தாரும் நினைவில் கொள்ளவும்.